பதிவேட்டில் இல்லாத பாக்கியத்தாய்

ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க தம்பி, காத்து வரட்டும். நீங்க திருநெல்வேலிப் பக்கமா? பேச்சைக் கேட்டதுமே தெரிஞ்சுட்டு. எந்த ஊரு? நாங்குநேரியா! நமக்கு ஏரல். கட்ச்சுக்குக் கொத்தனார் வேலைக்குப் போறியளோ? போங்க, போங்க. பூகம்பத்துல விழுந்த வீட்டை எல்லாம் எழுப்பணும்லா, இன்னும் அஞ்சு வருசத்துக்கு அங்க வேலை கிடக்கு.

என் பேரு சிவனணைந்தான். பேரு சொன்னா அங்க ஒருத்தனுக்கும் தெரியாது, செயலாளர்னாத்தான் தெரியும். துறைமுகத்துக்குப் பிழைக்கப் போன தமிழாளுங்க சேந்து அங்க ஒரு மன்றம் வச்சிருக்கோம். அதுக்கு இருவத்திரெண்டு வருசம் நான் செயலாளர். இப்ப இல்ல. பதவியைப் பறிச்சிட்டாங்க. பறிச்சது வெளியாளா இருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு மனசு ஆறிக்கிடலாம். பறிச்சது என் வீட்டுக்காரிதான், தம்பி! சண்முகக்கனி! நாப்பது நாளா கோவிச்சுக்கிட்டு ஊர்ல என் கூடப்பிறந்த தம்பி வீட்டுல இருந்தேன். இப்ப வரச் சொல்லிக் காயிதம் போட்டிருக்கா. போறேன். ஆனா அங்க போயி நான் என்னவா நிக்கப் போறேன்? அதான் ரயில் சூரத் தாண்டியும் எனக்கு விளங்கல. நீங்க நாலு வீடு ஏறி இறங்குற ஆளு, முழுசாக் கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

மொதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கிடுங்க. அந்த மன்றத்தை நான் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? பதிவேடுன்னா பதிவேடு, அப்படி ஒரு பதிவேடு. அறுவத்திமூணு குடும்பம். பேரு, தகப்பனார் பேரு, சொந்த ஊரு, தாலுகா, மாவட்டம், எல்லாம் என் கையெழுத்துல. யாராவது புதுசா வந்தா நான் கேக்குற மொதக் கேள்வி, 'சொந்த ஊர் எது?' அதைச் சொல்லிட்டான்னா அவன் ஆளு எப்படின்னு நான் சொல்லிருவேன். இருவத்தேழு வருசம் அங்க இருந்து ஒரு வார்த்தை குஜராத்தி படிக்கல தம்பி. ஒரு வார்த்தை! தமிழை அப்படிக் காப்பாத்தினேன். என் வீட்டுக்காரி இருக்காளே, அடுத்த வீட்டு ஜசுபேன் கூட கத்திரிக்கா வாங்கப் போயிப் போயி, அவ பாஷையை அப்படியே பேசுதா. எனக்குக் கேக்கவே கூசும்.

பூகம்பத்துக்குப் பன்னெண்டு நாளைக்கு முந்தி பொங்கல் விழா. அங்க ஒரு சங்கதி நடந்துட்டு. தர்மக்கண்ணுன்னு ஒருத்தன், உடன்குடிக்காரன், துறைமுகத்துல கிரேன் ஓட்டுதான். அவன் மாடியில குடியிருக்கிற ஒரு குஜராத்திக் குடும்பத்தைப் பொங்கச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். சரி, வந்தா வந்துட்டுப் போறாங்க. மொதப் பந்தியில உக்கார வச்சிட்டான் தம்பி! மொதப் பந்தின்னா தலைவரு, நான், கமிட்டி. அதுதானே முறை? நான் நிக்கேன், அவங்க இலையில பாயாசம் ஓடுது. மன்னிப்புக் கேளுன்னு சொன்னேன். 'சோத்துல என்ன அண்ணாச்சி செயலாளரு'ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மறுநாள் சிவப்பு மையால அவன் பேரை அடிச்சிட்டேன். அவன் பேரு, அவன் பொண்டாட்டி பாக்கியத்தாய் பேரு, ரெண்டும். விதி எட்டு. நான் எழுதின விதிதான், ஆனா விதி விதிதானே.

ஜனவரி இருவத்தாறு. வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட மைதானத்துல எங்க மன்றத்துக் கொடியேத்தம். எட்டரைக்கே வந்திரணும்னு எல்லா உறுப்பினருக்கும் ஓலை விட்டிருந்தேன். தர்மக்கண்ணுக்கு விடல. அவன்தான் உறுப்பினர் இல்லையே. எட்டரைக்கு முக்காவாசிக் குடும்பம் வந்தாச்சு, கொடியேத்த வேண்டிய பெரிய மனுசன் வரல. சும்மா நிக்க வேண்டாமேன்னு நான் வரவேற்புரையை ஆரம்பிச்சிட்டேன். எட்டே முக்கால் இருக்கும். தரை ஆடுது. எனக்குச் சர்க்கரை உண்டு, காலையில ஒண்ணும் சாப்பிடல, தலை சுத்துதுன்னு நினைச்சிட்டேன். பேச்சை நிறுத்தல. மைக் சாஞ்சு விழுந்துட்டு. அப்பவும் நிறுத்தல. கூட்டம் பூராவும் அய்யோன்னு தரையில உக்காந்த பிறவுதான் ஆகா, இது நம்ம தலை சுத்து இல்லன்னு தெரிஞ்சுது.

மைதானத்துக்கு வெளிய பாத்தா ஊரையே காணோம். ஒரே புழுதி. ஆனா மைதானத்துக்குள்ள ஒரு ஆளுக்குச் சிராய்ப்பு கிடையாது. ஏன்? நான் எட்டரைக்கு வரச் சொன்னதுனால! நான் ஒம்பதரைன்னு போட்டிருந்தா அம்புட்டுப் பேரும் வீட்டுக்குள்ளலா இருந்திருப்பான்? இதை இன்னைய வரைக்கும் ஒருத்தன் வாயால சொல்லல தம்பி. அதை விடுங்க.

உடனே நான் என்ன செஞ்சேன்? பதிவேட்டை எடுத்தேன். 'ஏரல் குடும்பங்கள்'னு கூப்பிட்டு, ஒவ்வொரு பேரா வாசிச்சேன். ஜனங்க அழுதுக்கிட்டே 'உள்ளேன் ஐயா' சொல்லுதாங்க. வராத குடும்பம் பதினாலு. அவங்களைத் தேடிப் போகணும். எங்க போறது? பதிவேட்டைப் புரட்டுதேன். சாத்தான்குளம், மேலத்தெரு. ஆத்தூர், பிள்ளையார் கோயில் தெரு. எல்லாம் இருக்கு. அங்க கட்ச்ல எந்தத் தெருவுல இருக்கான்னு மட்டும் இல்ல. ஆளுங்க வாடகை வீட்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க, அதை எப்படிப் பதிவேட்டுல ஏத்த? சொந்த ஊரு மாறாது பாருங்க.

நான் புரட்டிக்கிட்டே இருக்கேன், இந்தப் பொம்பளைங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆனா விளக்குப் பூசைக்கு வீடு வீடாப் போற கூட்டம் அது. 'செல்லக்கிளி வீடு டேங்குக்குப் பின்னால, ரெண்டாம் மாடி. மாமியாருக்கு நடக்க ஏலாது, உள் ரூம்புல கட்டில்ல கிடப்பா'ங்கா ஒருத்தி. 'சுப்புலட்சுமி நிறைமாசம், அண்ணன் வீட்டுல இருக்கா'ங்கா இன்னொருத்தி. மூணு மூணு பேராப் பிரிஞ்சாங்க, சேலையை இழுத்துச் சொருகுனாங்க, ஆம்பளைங்களை 'வாங்க'ன்னு இழுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. தீர்மானம் கிடையாது, ஒண்ணும் கிடையாது!

என் வீட்டுக்காரி மட்டும் என் பக்கத்துல வந்தா. "ஏங்க, பாக்கியத்தாய் எங்க?"

"அவ பேரு பதிவேட்டுல இல்ல"ன்னேன்.

நான் சொன்னது சரிதானே? கேட்ட கேள்விக்குப் பதில். ஆனா அவ என்னை ஒரு பார்வை பாத்தா தம்பி. கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல அப்படிப் பாத்ததில்ல. செருப்பைக் கூட மாட்டாம ஓடிட்டா.

நான் உடனே போகல. மைக் செட்டு வாடகைச் சாமான், அதை எடுத்து வச்சு, பதிவேட்டைப் பையில போட்டு, நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிட்டு. நாலு மாடிக் கட்டடம் தம்பி, ரெண்டு மாடி உயரத்துக்குச் சப்பையாக் கிடக்கு. அவ வீடு தரைத்தளம். தர்மக்கண்ணு ராத்திரி டூட்டிக்குப் போனவன் இன்னும் வரல. பாக்கியத்தாய் மட்டும்தான் வீட்டுக்குள்ள. ஜசுபேன் புருசன், நாலஞ்சு பீகார்க் கூலியாளு, நம்ம ஆளு ரெண்டு பேரு, எல்லாரும் முன்பக்கம் கல்லைப் புரட்டுதாங்க. லீவு நாளு, அவ படுக்கை ரூம்புலதான் தூங்கிக்கிட்டு இருப்பான்னு ஒரு கணக்கு.

என் வீட்டுக்காரி சத்தம் போடுதா, குஜராத்தியில, தொண்டை கிழிய. எனக்கு விளங்கல. பிறவு தமிழ்ல சொன்னா. "பின்னால வாங்கப்பா! இன்னைக்குத் தை வெள்ளி! எட்டரை மணிக்கு அவ தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பா! குளிக்கிற ரூம்பைத் தோண்டுங்க!"

ஜசுபேன் புருசனுக்கு இது ஏதாவது புரியுமா? வெள்ளிக்கிழமைக்கும் குளிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு அந்த மனுசன் முழிக்கான். ஆனா இவ போட்ட சத்தத்துல அம்புட்டுப் பேரும் பின்பக்கம் வந்துட்டாங்க. சின்ன ரூம்புலா, நாலு சுவரும் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு நின்னுருக்கு. மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு வெளிய எடுத்தாங்க. நேரத்தை நான்தான் குறிச்சு வச்சேன், யாராவது குறிக்கணும்லா? தலை பூராவும் சீயக்கா, அதுக்கு மேல சுண்ணாம்புப் புழுதி. வலது கை நசுங்கிப் போயிட்டு. பிறவு ஆஸ்பத்திரியில முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆனா உயிர் இருந்துச்சு. என் வீட்டுக்காரி தன் சேலை முந்தானையைக் கிழிச்சு அவ மேல போத்துனா.

அந்நேரம் பாத்து தர்மக்கண்ணு வாரான். துறைமுகத்துல இருந்து நடந்தே வந்திருக்கான், ரோடெல்லாம் பிளந்து கிடக்கு. பொண்டாட்டியைப் பாத்தான், அப்படியே உக்காந்துட்டான். நிமிந்து பாத்தா, பதிவேடும் கையுமா நான் நிக்கேன். எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "அண்ணாச்சி, நான் அவ்வளவு பேசியும் நீங்கதான் எங்க வீட்டுக்கு மொதல்ல ஆள் அனுப்புனியளா?"ன்னு கேட்டு ஓன்னு அழுதான்.

நான் ஆமான்னு சொல்லல தம்பி. அதைக் கவனிச்சுக்கிடுங்க. ஆமான்னு நான் சொல்லவே இல்ல.

இல்லன்னும் சொல்லல. அழுதுக்கிட்டு இருக்குறவன்கிட்ட போயி விளக்கமா பேச முடியும்? என் வீட்டுக்காரி பக்கத்துலதான் நின்னா. கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கும் பேசல, அதுக்குப் பிறவும் பேசல.

அதுல இருந்து எல்லாருக்கும் மைதானத்துலதான் சமையல், படுக்கை எல்லாம். குளிருன்னா குளிரு, பல்லு தந்தியடிக்குது. நான் சும்மா இருக்கல. நிவாரணத்துக்கு ஆறு கமிட்டி போட்டேன். ஆறுக்கும் நானே அமைப்பாளர். ஊருக்குத் தந்தி அடிச்சு ஒரு லாரி வரவழைச்சேன். கம்பளி, தார்ப்பாய், அரிசி. இந்த லாரிக்கு ஒரு முறை வேண்டாமா? மேடை போட்டு, வரிசையா உறுப்பினர்களைக் கூப்பிட்டு, ஒரு பெரிய மனுசன் கையால குடுத்தாத்தானே மன்றத்துக்கு மரியாதை? அவரு நாளைக்கு வாரேன், நாளன்னைக்கு வாரேன்னு இழுத்துட்டாரு. ரெண்டு நாள் பொறுங்கன்னேன். ரெண்டே நாள்! மூணாம் நாள் காலையில பல் தேய்ச்சுட்டு வாரேன், என் வீட்டுக்காரி லாரி மேல ஏறி நின்னு அரிவாமணையால கயித்தை அறுத்துக்கிட்டு இருக்கா. குஜராத்தி, பீகாரி, நம்மாளு, எல்லாருக்கும் கம்பளி போகுது. ஒரு போட்டோ கிடையாது! "ஏட்டி, இது தமிழாளுங்களுக்கு வந்தது!"ன்னேன். "குளிருக்கு அது தெரியலையேங்க"ன்னா. நாலு பேரு முன்னால!

இன்னொண்ணு சொல்லுதேன், உங்களுக்கே சிரிப்பு வரும். பாக்கியத்தாய் ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ எந்தக் கூரைக்கு அடியிலயும் போக மாட்டேன்னுட்டா. முக்கியமா குளிக்கப் போக மாட்டா. மேல தண்ணி பட்டாலே நடுங்குதா. இந்தப் பொம்பளைங்க என்ன செஞ்சாங்க? மொத வெள்ளிக்கிழமை, அவளைச் சுத்தி பத்துப் பேரு சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஊர்க்கதை பேசிக்கிட்டே தலைக்கு ஊத்தி விட்டாங்க. ஜசுபேன்தான் சீயக்கா தேய்ச்சு விட்டா. அடுத்த வெள்ளி ஒரு பக்கம் தகரம், மூணு பக்கம் சேலை. அதுக்கு அடுத்து ரெண்டு தகரம். இப்படியே ஏழெட்டு வாரம். பங்குனி மாசத்துல ஒரு நாள் அவளே உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டுக் குளிச்சிட்டு வந்தாளாம், அதுக்கு அங்க குலவை! நான் ஆறு கமிட்டி போட்டு நடத்திக்கிட்டு இருக்கேன், குளிக்கிறதுக்குக் குலவை போடுதாங்க.

அரசாங்கத்துல இருந்து வீட்டைப் பாத்து எழுதிட்டுப் போக வந்தாங்க. தாள் எல்லாம் குஜராத்தி. நான் மன்றத்து லெட்டர்பேடுல செந்தமிழ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தேன். அந்த ஆளு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்கிட்டயே குடுத்துட்டான். பிறவு என் வீட்டுக்காரியும் ஜசுபேனும் மரத்தடியில உக்காந்து எல்லாருக்கும் நிரப்புனாங்க. மூணு தமிழ் வீடு, ரெண்டு குஜராத்தி வீடுன்னு சேத்துச் சேத்துக் குழுவாக்கினதும் அவங்கதான். ஒரு தொண்டு அமைப்பு சாமான் தருது, கல்லு, சிமிண்டு, கம்பி. வேலை நம்ம கை. ஒரு குழுவுல இருக்க அஞ்சு வீட்டாளும் சேந்து, ஒவ்வொரு வீடா எழுப்பணும். வீட்டுக்கு ஒரு கை கட்டாயம் வரணும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல. ஆனா யாரைக் கேட்டுச் செஞ்சாங்க?

சித்திரை ஒண்ணாம் தேதி பொதுக்குழு. மைதானத்துல, தரையில உக்காந்து. நான் எந்திரிச்சு, 'என் சேவை போதும்னு நினைக்கிறவங்க சொல்லலாம்'னேன். மரியாதைக்குச் சொல்றதுதான், வருசா வருசம் சொல்றதுதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கைதட்டுவாங்க. இந்தத் தடவ ஒருத்தன் எந்திரிச்சான். யாரு? தர்மக்கண்ணு! அவன் பேரைத்தான் பூகம்பத்துக்குப் பிறவு திரும்பச் சேத்திருந்தோமே. "அண்ணாச்சி பெரிய மனசுக்காரரு. எங்க மேல கோவம் இருந்தும் அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஆள் அனுப்புனாரு. அவருக்கு வயசாயிட்டு, ஓய்வு குடுப்போம். இனி சண்முகக்கனி அக்கா பாக்கட்டும்"னான்.

என்ன சொல்ல நான்? என்னைப் புகழ்ந்துதான் இறக்குதான். மறுத்தா எதை மறுக்க?

கை தூக்கச் சொன்னாங்க. என் வீட்டுக்காரிக்கு மொத்தக் கூட்டமும். எனக்கு ரெண்டு கை. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு யாருதுன்னு நினைக்கிய? அவளுது. அத்தனை பேருக்கு நடுவுல நிமிந்து உக்காந்து எனக்குக் கை தூக்குதா தம்பி! அதைத்தான் என்னால தாங்க முடியல. அவளும் எதிரா தூக்கியிருந்தா அங்கேயே சண்டை போட்டுட்டு இருந்திருப்பேன். அன்னைக்குச் சாயங்காலமே, 'நானா, மன்றமா?'ன்னு கேட்டேன். "எனக்கு ரெண்டும் வேணும். உங்களுக்கு எது வேணும்னு யோசிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லி, வழிக்குப் புளிச்சோறு கட்டித் தந்துட்டா.

ஏரல்ல போயி இறங்குனேன். சொந்த ஊரு. இருவத்திரெண்டு வருசமா பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்ச சொந்த ஊரு. தெருவுல ஒருத்தனுக்கும் என்னைத் தெரியல. 'கட்ச்காரரு வந்திருக்காரு'ங்காங்க. பாக்குறவன் எல்லாம் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, 'எப்ப அண்ணாச்சி திரும்பிப் போறிய?' தம்பி பொண்டாட்டி நல்லவதான், அவளும் இருவதாம் நாள் கேட்டுட்டா. நான் காயிதத்துக்காகக் காத்துக்கிடந்தேன். என்னை விட்டுட்டு அவங்களால நடத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும். பாத்தியளா, நாப்பதாம் நாள் வந்துட்டு.

காயிதத்தைப் படிச்சுக் காட்டட்டா? இந்தா, கேளுங்க. "மழைக்கு முந்தி சுவர் எழும்பணும். நம்ம குழுவுல நாலு வீடு முடிஞ்சுது. நம்ம வீட்டைக் கடைசியா வச்சிருக்கேன், இப்ப அது ஆரம்பிக்குது. வீட்டுக்கு ஒரு கை. நான் கணக்கெடுக்க, சமைக்க, எழுதப் போயிருதேன். நம்ம வீட்டுக் கை இதுவரை ஒரு நாளும் வரல. உங்க இடத்துல பாக்கியத்தாய் நின்னு ஒத்தக் கையால மணல் சலிக்கா. வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. அண்ணாச்சி எனக்கு உயிர் குடுத்தவருங்கா. வரும்போது பழைய சட்டை ரெண்டு கொண்டு வாங்க. மேஸ்திரி தர்மக்கண்ணுதான், அவன் சொல்ற வேலையைச் செய்யணும்."

பாத்தியளா? நான் இல்லாம முடியல. அப்படித்தானே அர்த்தம்?

இதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு. அது... சரி, நீங்க யாரோ நான் யாரோ, வாசிச்சிருதேன். "அன்னைக்கு நடந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. அது நீங்க சொல்ல வேண்டியது."

அவ்வளவுதான். கையெழுத்து கூட போடல.

எந்தக் கையால சலிக்கா அவ? இடது கையால. சல்லடையைத் தொடையில முட்டுக் குடுத்துத்தான் சலிக்கணும், இல்லையா தம்பி? உங்களுக்குத் தெரியுமே. மணல் எல்லாம் கண்ணுல அடிக்கும். நான் உயிர் குடுத்தேன்னுட்டு.

பேரை அடிச்சது நான். ஓலை விடாதது நான். விட்டிருந்தா அவ அன்னைக்கு மைதானத்துல இருந்திருப்பா, ரெண்டு கையோட.

இருங்க, என்கிட்டயே தண்ணி இருக்கு. பரவாயில்ல.

கல்லு சுமந்தா கை கொப்பளிக்குமாமே. எத்தனை நாள்ல காய்ச்சுப் போகும்? ஒரு வாரமா? உண்மையைச் சொல்லுறதை அதுவரைக்கும் தள்ளக் கூடாது. போய் இறங்குன அன்னைக்கே, ஒரு சட்டி மண்ணு தூக்குறதுக்கு முந்தியே சொல்லிரணும். நாலு நாள் வேலை செஞ்சுட்டுச் சொன்னா, அந்தத் திமிர்ல சொன்ன மாதிரி ஆயிரும். நீங்கதான் தர்மக்கண்ணுன்னு வச்சுக்கிடுங்க. உக்காருங்க. இல்ல, நீங்க நில்லுங்க, நான் உக்காந்துக்கிடுதேன்.

"தர்மக்கண்ணு, அன்னைக்கு உன் வீட்டுக்கு ஆள் அனுப்புனது நான் இல்லப்பா."

எல்லாரும் திரும்பிப் பாக்காங்க, மேடையில பேசுத மாதிரி முழங்கிட்டனோ? இருங்க தம்பி, போயிராதிய. மெதுவா இன்னொரு தடவ சொல்லிப் பாக்கேன்.